பொருத்தம் பார்க்கும்போது ஹேங் ஆன போர்டு

என் தொழிலில் எல்லோரும் "ரிப்பேர் ஆயிடுச்சு, வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். ரிப்பேர் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். சின்ன காஞ்சிபுரம் ஜோசியர் கன்னியப்பன்.

"பாய், நம்ம கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குது. அதை நீங்க வந்து நாலு பேருக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிடுங்க. வேற வேலை ஒண்ணும் இல்ல" என்றார் போனில்.

"நல்லா இருக்குதுன்னா நான் எதுக்குங்க?"

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கபா. நீங்க சொன்னா நம்புவாங்க."

என் பெயர் ரஹ்மத்துல்லா. மானிட்டர்கள் எல்லாம் டி.வி. மாதிரி முதுகு பெருத்து இருந்த காலத்திலிருந்து காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பட்டுக்கடை பில்லிங் மெஷின், புடவை டிசைன் போடுகிற மெஷின், கல்யாண மண்டப ஆபீஸ் மெஷின் எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து பார்த்திருக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "போர்டு ஸ்டேபிளா இருக்குதான்னு எப்படி பாய் முடிவு பண்றது? அப்கிரேடு தாங்குமான்னு எப்படி சொல்றது?" என்று கேட்கிறார்கள். யூடியூபில் இருப்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அதில் இல்லாத ஒரு கேஸை எழுதிவைக்கிறேன்.

ராசியான போர்டு

ஜோசியர் வீட்டு முன் அறைதான் ஆபீஸ். கேபினட்டைத் தரையில் வைத்தால் மரியாதைக் குறைவு என்று அதற்கு ஒரு முக்காலி. நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் மஞ்சள், குங்குமம். வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூ. காலையும் மாலையும் சாம்பிராணி. பவர் பட்டனை அழுத்துவதற்கு முன் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பல ஆபீஸ்களில் பட்டனை அழுத்திய பிறகு மெஷினைத் திட்டுவார்கள். அதைவிட இது தேவலாம் என்று நான் ஒன்றும் சொல்வதில்லை.

உள்ளே இருந்த மதர்போர்டு ரொம்பப் பழையது, டிடிஆர்3 ரேம் காலத்தது. ரேமுக்கு இரண்டே ஸ்லாட். ப்ராசசர் இரண்டு கோர். ஜாதக சாஃப்ட்வேருக்கு அது தாராளம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் ஜாதகம் கேட்க ஆரம்பித்ததும் ஜோசியருக்கு அப்கிரேடு ஆசை வந்துவிட்டது.

"ப்ராசசரை மாத்துங்க, ரேமை ஏத்துங்க, இன்னா வேணா பண்ணுங்க. போர்டை மட்டும் தொடாதீங்க பாய். அது ராசியான போர்டு. அது வந்தப்புறம்தான் மாடி கட்டினேன்."

போர்டுதான் எல்லாவற்றுக்கும் எல்லை என்று அவருக்கு விளக்கினேன். எந்த ப்ராசசர் அந்த சாக்கெட்டில் உட்காரும், உட்கார்ந்தாலும் போர்டுக்குள் இருக்கிற பயாஸ் புரோகிராம் அதை அடையாளம் காணுமா, ரேம் எது வரை ஏறும், எல்லாவற்றுக்கும் மேலாக ப்ராசசருக்குப் பக்கத்தில் இருக்கிற பவர் செக்ஷன் புதியதற்குத் தீனி போடுமா என்று பார்த்த பிறகுதான் அப்கிரேடு பற்றிப் பேசவே முடியும்.

"ஓ, நீங்களும் பொருத்தம்தான் பாக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க. எங்களுக்கு ஒண்ணு தட்டினாலும் கல்யாணம் கிடையாது. பரிகாரமும் கிடையாது."

சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு அவராகவே ஒரு வெப் கேமரா வாங்கி மானிட்டர் மேல் ஒட்டிக்கொண்டார். அப்கிரேடு முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார்.

தடங்கல்

அந்த போன் வந்ததும் நான் போனபோது முன் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தனலட்சுமி அம்மா. பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு தறி வைத்து நடத்துகிறவர். நூலில் ஒரு இழை போனால் எதிர்வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அவர் மகன் சரவணனுக்குத்தான் பெண் பார்த்திருந்தார்கள். இன்னொருவர் அந்தப் பெண்ணேதான், கீர்த்தனா. ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்ஷனில் வேலை. சரவணனும் அதே கம்பெனி பஸ்ஸில் போகிறவன். பெரியவர்கள் பார்த்த சம்பந்தம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். பஸ் டிரைவருக்கு வேறு கருத்து இருந்திருக்கலாம்.

கீர்த்தனாவின் அப்பா கோபத்தில் வரவில்லை. காரணம் இதுதான். பொருத்தம் பார்க்க எல்லோரும் கூடியிருந்தபோது, ஜோசியர் பட்டனைத் தட்டியதும் மெஷின் ஹேங் ஆகிவிட்டது. அணைத்துப் போட்டுத் தட்டினார். மறுபடியும் ஹேங். இன்னொரு நல்ல நாள் பார்த்து வந்தார்கள். அன்றும் தட்டியதும் ஹேங்.

"வேற ஜோசியர்கிட்ட பாத்துக்கலாமே?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார் தனலட்சுமி அம்மா. "ஆனா தடங்கல் தடங்கல்தானே? மூணு தரம் நின்னு போச்சு. மெஷின் கெட்டுப்போய் நின்னுதுன்னா அது வேற. மெஷின் நல்லா இருந்தும் நின்னுதுன்னா, அது மேலேர்ந்து சொல்ற சேதி. அது எதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க பாயி. இதுல உங்களுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால ரெண்டு பக்கமும் சாயமாட்டீங்க."

இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி நியாயஸ்தலத்தில் உட்காரவைத்ததில்லை.

ஜோசியர் என்னைக் கதவோரம் கூட்டிக்கொண்டு போனார். "பாய், மெஷின் கோளாறுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இதுல எத்தனை கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்திருக்கேன்! எல்லாரும் ஜாதகத்தைத் தூக்கிக்கினு திரும்பி வந்துடுவாங்க."

"இருக்கறதைத்தாங்க சொல்வேன்."

"இருக்கறதைச் சொல்லுங்க. இல்லாததைச் சொல்லாதீங்க" என்றார். அவர் தொழிலில் அது பெரிய வாக்குமூலம்.

ராகு காலத்தில் டெஸ்டிங்

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஜோசியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ராகு காலம். கேபினட்டைத் திறக்கக் கூடாதாம்.

சரி, பென் டிரைவிலிருந்து ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அதற்கும் தடை. "உள்ள ஊரு ஜாதகம் பூரா இருக்குது பாய். வெளி பென் டிரைவ் கூடாது."

டாக்டரைக் கூப்பிட்டு, நாடி பிடிக்காதே, வாயைத் திறக்கச் சொல்லாதே என்றால் எப்படி இருக்கும்? அப்படி நின்றேன்.

கீர்த்தனாதான் கேட்டாள். "மத்தவங்க ஜாதகத்துக்கும் ஹேங் ஆவுதான்னு பாத்தீங்களா பாய்? எங்க கம்பெனில ஒரு பீஸ் ஃபெயில் ஆனா, அதே மெஷின்ல வேற பீஸைப் போட்டுப் பாப்போம். அப்பத்தான் தப்பு பீஸ்லயா, மெஷின்லயான்னு தெரியும்."

"என் புள்ள ஜாதகத்தை மட்டும் இப்ப போடாதீங்க. மெஷின் எப்படின்னு தெரியட்டும்" என்றார் தனலட்சுமி அம்மா.

ஜோசியர் பழைய ஜோடிகளை எடுத்துத் தட்டினார். ஒன்று சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அடுத்தடுத்து தட்டத் தட்ட எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தன.

ஜோசியர் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்குது!"

கீர்த்தனா கேட்ட டெஸ்ட்டே அவளுக்கு எதிராகப் போய்விட்டது. அவள் சுடிதார் ஷாலின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் தனலட்சுமி அம்மாவைப் பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை. "நல்லா இருக்குதா... சரி" என்று சொன்னவர், கிளம்பாமல் பையின் ஜிப்பை இழுத்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

சும்மா இருக்கும்போது கை வைத்துப் பார்த்து எந்த போர்டைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் அதை நிரூபிக்க என்னை ஒன்றையும் தொடவிடவில்லையே.

"ஒரு நிமிஷம்" என்றாள் கீர்த்தனா. "அந்த மூணு தரமும் சிங்கப்பூர் சித்தப்பா வீடியோல இருந்தாரு, இல்ல அத்தை?"

சரவணனின் சித்தப்பா. பொருத்தத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று இதே மெஷினில் வீடியோ காலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அடடா என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு கோர் ப்ராசசர். ஒரு பக்கம் வீடியோ கால், இன்னொரு பக்கம் கலர் கட்டத்தோடு பொருத்தம். ப்ராசசர் முழு மூச்சில் ஓடுகிற நேரம் அதுதான்.

"அவரைக் கூப்பிடுங்கம்மா" என்றேன்.

சித்தப்பா சாப்பாட்டு வேளையில் இருந்தார். கையில் ஸ்பூனோடு திரையில் வந்தார். "இன்னா அண்ணி, முடிஞ்சிடுச்சா?"

"நீ சும்மா சாப்பிட்டுக்கினு இரு. கட் மட்டும் பண்ணாதே."

இப்போது யார் ஜாதகத்தைப் போடுவது? அடுத்தவர் ஜாதகத்தை வெளி ஆள் பார்க்கப் போட முடியாது என்றார் ஜோசியர். நியாயம்தான். அப்போது உள்ளே இருந்து அவர் மனைவி சரோஜா அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நம்புளுதைப் போடுங்க. அதுல இன்னா ரகசியம் இருக்குது?"

ஜோசியர் தயங்கினார். வேறு வழி இல்லை. இருவர் பிறந்த விவரத்தையும் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பட்டனைத் தட்டினார்.

ஹேங். சித்தப்பா வாயருகே ஸ்பூனோடு அப்படியே நின்றுவிட்டார்.



"நான் எவ்ளோ வருஷமா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் சரோஜா அம்மா. "மெஷினுக்காவது புரிஞ்சுதே."

தனலட்சுமி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கீர்த்தனா அவரைப் பார்த்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. மாமியாராக வரப்போகிறவரும் மருமகளாக வரப்போகிறவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜோசியர் அணைத்துப் போட்டு மறுபடி தட்டினார். மறுபடி ஹேங். அவர் எழுந்தே விட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும் பத்துக்கு ஒம்போது! எங்கப்பா கையால கணிச்சது! நிக்கறதுக்கு இதுல இன்னா இருக்குது? இது மெஷின் கோளாறு பாய்! சுத்தமா மெஷின் கோளாறு!"

நான் சொல்ல வேண்டியிருந்த தீர்ப்பை அவரே சொல்லிவிட்டார்.

திறந்து பார்த்தபோது

ராகு காலம் போனதும் கேபினட்டைத் திறந்தேன். ப்ராசசர் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்கில் சாம்பிராணிப் புகை படிந்து, அதன் மேல் பட்டுத் தூசு ஒட்டி, ஃபேன் கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. அதைச் சுத்தம் செய்துவிடலாம். பிரச்சினை அது மட்டும் இல்லை. ப்ராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று கரன்ட்டைச் சீராக்குகிற கெபாசிட்டர்களில் சிலவற்றின் தலை உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டியவை. சாதாரண வேலைக்கு அவை எப்படியோ சமாளித்திருக்கின்றன. லோடு ஏறியதும் வோல்டேஜ் ஆட, மெஷின் நின்றிருக்கிறது. இந்த போர்டில் பெரிய ப்ராசசரைப் போட்டிருந்தால் வீடியோவே இல்லாமலும் நின்றிருக்கும்.

"போர்டை மாத்தணும்" என்றேன்.

"மாத்தினா ரேம்?"

"புது போர்டுல இந்த ரேம் உட்காராது."

"ப்ராசசர்?"

"அதுவும்தான். பவர் சப்ளையும் மூச்சு வாங்குது, அதையும் மாத்திடலாம்."

"அப்புறம் இதுல இன்னா பாய் பழசு இருக்கும்?"

"கேபினட். உள்ள இருக்கற ஜாதகங்க."

ஜோசியர் முகம் வாடியது. ராசி என்ன ஆவது? சரோஜா அம்மா முக்காலியைக் காட்டி, "குங்குமம் வெளியிலதானே வெச்சீங்க? ராசியும் வெளியிலதான் இருக்கும், உடுங்க" என்றார். அந்த விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் அது அதே பழைய கம்ப்யூட்டர்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டேபிள்

புது போர்டு போட்டேன். மெமரி டெஸ்ட் ஒரு எரர் இல்லாமல் முடிந்தது. வீடியோ காலை ஓடவிட்டு, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டையும் பகல் முழுக்க ஓட்டினேன். வெப்பம் கட்டுக்குள் இருந்தது. இதற்கு மேல் ஒரு போர்டைச் சோதிக்க முடியாது.

நல்ல நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். சித்தப்பா வீடியோவில், இந்த முறை சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு. கீர்த்தனா, தனலட்சுமி அம்மா. ஏதாவது நின்றால் பிடிக்க என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

ஜோசியர் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது.

பத்துக்கு நாலு. ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. பத்தில் அது ஒன்று இல்லாவிட்டால் மற்றது எத்தனை இருந்தாலும் இவர்கள் பெண் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

"ஹேங்காவே உட்டிருக்கலாம் பாய்" என்றாள் கீர்த்தனா, ரொம்ப மெதுவாக.

அப்போது என் பிழைப்பில் பார்க்காத காட்சி ஒன்று நடந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜோசியர்தான் முதலில் கேட்டார். "பாய்... இப்ப போர்டு சரியாத்தான் இருக்குதா? புதுசு... செட் ஆவறதுக்குக் கொஞ்ச நாள் ஆவுமோ?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாய்" என்றார் தனலட்சுமி அம்மா. "எதுனா சின்னக் கோளாறு?"

வீடியோவில் சித்தப்பாவும், "ஃபர்ஸ்ட் பேட்ச் போர்டுல இதெல்லாம் சகஜம்" என்றார்.

யா அல்லாஹ் என்று இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'இன்னும் டெஸ்ட்டிங் முடியல' என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் தெளியும். ஆனால் இந்த போர்டை லோடில் ஓட்டி, கைப்பட டெஸ்ட் முடித்தவன் நான். இருப்பதைத்தான் சொல்வேன் என்று ஜோசியரிடம் சொன்னவனும் நானேதான்.

"போர்டு ஸ்டேபிளா இருக்குதும்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஸ்டேபிள்னா, ஒரே விஷயத்தை எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில் வரும். அதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. நீங்க குடுத்த விவரம் சரியான்னு போர்டுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். தனலட்சுமி அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு கீர்த்தனாவை.

"ஜோசியரே, என் புள்ள பொறந்த நேரம் இன்னா போட்டிருக்கீங்க?"

அவர் சொன்னார்.

"அது தப்பு. அரை மணி முன்னாடி."

"இத்தினி வருஷமா இதைத்தானே சொல்லிக்கினு இருந்தீங்க?"

"நர்ஸம்மா குத்துமதிப்பா சொன்னது. அதை நானும் சொல்லிக்கினு இருந்தேன். இப்ப நெனப்பு வந்துது. அரை மணி முன்னாடி."

ஜோசியர் விரல் விட்டு எண்ணினார். பிறகு தொழில்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அஸ்தம் ஆரம்பத்துல பொறந்திருக்கான்... அரை மணி முன்னாடின்னா உத்திரம் ஆவுது! நட்சத்திரமே மாறுதே!"

"மாறட்டும். தட்டுங்க."

தட்டினார். பத்துக்கு ஏழு. ரஜ்ஜு உண்டு. சித்தப்பா சிங்கப்பூரில் கை தட்டியது ஸ்பீக்கரில் பட்டாசு மாதிரி கேட்டது. கீர்த்தனா குனிந்து தனலட்சுமி அம்மாவின் காலைத் தொட்டாள். "எழுந்திரும்மா. என் புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு சாப்பிடாம இருக்கறதைப் பாக்க முடியல எனக்கு" என்று அவள் தலையில் கை வைத்தார்.

ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தனலட்சுமி அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நெஜமாவே அரை மணி முன்னாடிதானா?"

அவர் நிமிர்ந்தார். "பெத்தவ சொல்றேன். உங்க போர்டு அங்க இருந்துச்சா?"

இல்லைம்மா என்று ஒத்துக்கொண்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போர்டைச் சும்மா இருக்கும்போது பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். அதன் சொந்தக்காரர் ஒரே நேரத்தில் எதையெல்லாம் ஓட்டுவாரோ, அதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். அப்கிரேடு கேட்டால் முதலில் பவர் செக்ஷனைப் பாருங்கள், கெபாசிட்டர் தலை உப்பியிருந்தால் எந்த ராசிக்கும் அசையாதீர்கள். டெஸ்ட் பாஸ் ஆனால், யார் முகத்தைப் பார்த்தும் பாஸ் இல்லை என்று சொல்லாதீர்கள். அதோடு நம் வேலை முடிந்தது. கீபோர்டில் என்ன டைப் செய்கிறார்கள் என்பது நம் வாரண்டியில் வராது. அந்த நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடத் தெரிய வேண்டும்.